பிரிக்காத பதினொரு சுருள்கள்

1986 மார்ச்சில் நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த பார்சிப்பனி ஆபீஸ் என்னை இரண்டு வாரத்துக்கு டல்லாஸ் அனுப்பியது. சனிக்கிழமை முழுக்க மோட்டல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எங்காவது போய்த் தொலையலாம் என்று கிளம்பினேன். தானாக வாசிக்கும் பியானோ ஒன்று கிழக்கே ஒரு சிற்றூரில் இருப்பதாக ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மற்றபடி அதில் வாசிக்கும் ராக்டைம் என்கிற பழைய அமெரிக்கப் பியானோ இசை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான்.

என் மனைவி சாந்தி அப்போது மெட்ராஸில் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்திருந்தது ஐந்து வாரம். கிரீன் கார்டு மனு முடிவதற்குள் ஊருக்குப் போனால் எல்லாம் அம்பேல் என்று வக்கீல் மிரட்டியிருந்தார். அதனால் மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவேன், அவளும் பதில் அனுப்புவாள். கடைசியாக வந்ததில் ஒரு பக்கம்தான் பேசியிருந்தாள். "வர்றீங்களா, இல்லையா?" என்பதோடு முடிந்தது.

வாடகைக் கார் நாளுக்கு 24 டாலர். காலை 8:10க்குப் புறப்பட்டு, ஃப்ரீவேயில் 96 மைல், பண்ணைச் சாலையில் 14 மைல். ரொட்டியும் ஊறுகாய் பாட்டிலும்தான் துணை. 10:25க்கு அந்தப் பியானோ இருக்கும் வீட்டு வாசலில் நின்றேன்; எப்போதோ இறந்துபோன அமோஸ் என்ற இசைக்காரரின் வீடு, இப்போது காட்சிக்கு.

அமோஸ் சலவைக்காரியின் மகன். சர்ச் பியானோவில் பழகி, இருபது வயதில் மதுக்கடைகளில் வாசித்தவர். ஏழு ராக்டைம்கள் அச்சேறின. இடது கை தாளம் தவறாமல் நடக்கும்; வலது கை அதற்கு முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி விழும். பிறகு நியூ ஜெர்சியில் பியானோச் சுருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. "ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்கிறேன்" என்று மனைவி லூலாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.

தான் வாசித்ததைத் துளைகளாகப் பதிந்த காகிதச் சுருளை மாதம் ஒன்றாக அனுப்பினாராம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவர் தங்கை மகள் ஒன்றைப் பியானோவில் மாட்டினார். கட்டைகள் தாமாக இறங்கி ஏறின. பெஞ்சில் யாருமில்லை. துள்ளலான பாட்டுதான், எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அலமாரியில் பதினொரு பெட்டிகள் ஒட்டுத்தாள்கூடக் கிழியாமல் இருந்தன.

"இதெல்லாம் அத்தை பிரிக்கவே இல்ல," என்றார் அந்த அம்மாள். "வீட்ல யாராவது சுருளை ஓட்டினா, சத்தம் கேட்டதும் மாமா வந்துட்டார்னு அடுப்படியிலேருந்து ஓடி வருவாங்க. ஒரு நாள், போதும்னுட்டாங்க."

"அவர் வரலையா?"

"ஒன்பது வருஷம் கழிச்சு வந்தார். அத்தையோட கல்லறையைத்தான் பார்த்தார். அப்புறம் வாசிக்கவே இல்ல. சாகற வரைக்கும் சர்ச் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தார்."

மோட்டலுக்குத் திரும்பி, இரவு 7:30க்கு மெட்ராஸில் எதிர்வீட்டு அங்கிள் நம்பருக்குப் போன் போட்டேன். அங்கே காலை ஏழு. சாந்தி ஓடி வந்த மூச்சு கேட்டது.

"போன மாசம் அனுப்பின கேசட்டைக் கேட்டியா?"

"இல்லங்க. அதுக்கு முந்தினதும் கேக்கல. ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணதும் தாங்க முடியல."

மனுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஏப்ரல்ல வர்றேன்" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மட்டும் 10 முதல் 3 வரை, நுழைவு 2 டாலர். எல்லாம் அன்றைய கணக்கு, விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசி 14 மைலில் பெட்ரோல் கிடைக்காது. முடிந்தால் துணையோடு போங்கள்.

சொன்னபடி ஏப்ரலில் ஊருக்குப் போனேன், மனு போயிற்று. மறுபடி முதலிலிருந்து போட்டு, 1989-ல்தான் இருவரும் சேர்ந்து வந்தோம். அந்த இரண்டு கேசட்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. சாந்தி இன்னும் கேட்கவில்லை. நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.