வேண்டாம் என்றும் சொல்லலாம்

பிள்ளைப்பாக்கம் கிளினிக்கில் ராஜம்மா இருபத்திரண்டு வருடம் நர்ஸ். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பார்கள். சிரித்தால் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். போன ஆடியில் காலமானாள். இது அதற்கு முந்தின வருடம் நடந்தது.

டாக்டர் பிரசன்னா கிளினிக்கை ஓர் ஆய்வில் சேர்த்திருந்தார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. எது மேல் என்று யாருக்கும் தெரியாது. சம்மதிப்பவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். மாதக் கடைசிக்குள் இருபது பேர் சேராவிட்டால் கிளினிக்கை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். சம்மதம் வாங்குவது ராஜம்மாவின் பொறுப்பு.

பிரஷர்காரர்கள் வருவது புதன்கிழமைகளில். முதல் நாளே முப்பத்தொரு கையெழுத்து. பெரும்பாலும் ஒரகடம் ஃபேக்டரிகளின் காண்ட்ராக்ட் ஆட்கள். அவள் வாயைத் திறக்குமுன்பே "எங்க போடணும்?" என்று குனிந்தார்கள்.

கடைசி ஆள் இசக்கி. தென்காசிப் பக்கம், வெல்டிங் லைனில் வேலை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு தம்பி கையெழுத்து போட்ட?"

"பி.எஃப். ஃபாரம்தானக்கா?"

ராஜம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முப்பத்தொன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"இது எதுவும் செல்லாது சார். இன்னான்னே தெரியாம போட்டுக்கீறாங்க. மறுபடி கேக்கணும்."

"ரெண்டும் நாம தினம் குடுக்கிற மாத்திரைதானே சிஸ்டர்? திரும்பக் கேட்டா பாதிப் பேர் ஓடிடுவாங்க."

"ஓடலாம்னு தெரிஞ்சும் நிக்கிறவங்கதான் சார் நமக்கு வேணும்."

முப்பத்தொரு பேரையும் அடுத்த புதன்கிழமை வரச் சொன்னாள். முதல் வேலையாக வழக்கமான மாத்திரையை எல்லார் கையிலும் கொடுத்தாள்.

"பையில போட்டுக்கினீங்களா? இப்ப நான் கேக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது."

விளக்கினாள். புரிந்ததைத் திருப்பிச் சொன்னவர்களிடம் மட்டுமே தாளை நீட்டினாள்.

"வேண்டாம்னா அடுத்த மாசம் மாத்திரைய நிப்பாட்டிருவியளோ?" இசக்கி கேட்டான்.

"மாட்டேன்."

"கம்பெனிக்குச் சொல்லிருவியளோ?"

"நான் எதுக்குடா சொல்லப்போறேன்?"

இசக்கி சுற்றுமுற்றும் பார்த்தான். "அப்போ வேண்டாம்க்கா."

ஒன்றும் நடக்கவில்லை. அவன் முகமெல்லாம் பல். "இன்னொரு மட்டம் சொல்லட்டா?"

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவும் தாயாரம்மாள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கு எது வந்தாலும் சரி. எது நல்லதுன்னு தெரிஞ்சா என் தங்கச்சிக்கும் ஆவும்ல? குடு இங்க."

சாயங்காலம் கணக்கு: வேண்டாம் பன்னிரண்டு, சரி பத்தொன்பது. ஒன்று குறைகிறது. மாதம் முடிய ஒரே ஒரு புதன்தான் பாக்கி. பிரசன்னா இரண்டு முறை எண்ணினார். பழைய முப்பத்தொன்றைத் தானே கிழித்துப் போட்டார்.

அந்தப் புதன்கிழமை இசக்கி ரூம் ஆட்கள் ஐந்து பேரோடு வந்து நின்றான். முன்னால் நின்றவன் பெயர் மகாராஜா.

"எக்கா, இவனும் வேண்டாம்னு சொல்லணுமாம்."

ராஜம்மா பிரஷர் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது.

"வேணாம்னு சொல்ல உனக்கு வியாதியே இல்லியேடா!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற நால்வரில் இரண்டு பேருக்கு உண்மையாகவே பிரஷர் இருந்தது, அதுவரை அவர்களுக்கே தெரியாது. டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். ராஜம்மா அதைக் கையில் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து விளக்கினாள். இருவரும் ஆளுக்கு ஏழெட்டுக் கேள்வி கேட்டார்கள். பிறகு சரி என்றார்கள்.