உபவாசமும் இரும்பு மாத்திரையும்

மேட மாதத்துச் சித்திரை வெயிலில் அம்மா கம்பளி போர்த்திப் படுத்திருந்தாள். உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி வியர்த்து வழிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவளுக்குக் கருப்பையில் கட்டி. மாதாமாதம் ஏராளமாக ரத்தம் போனது. எடையைக் குறைக்க வேண்டும், ரத்தம் ஏற வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டைக் குறைத்தால் அதிலிருந்து வரும் இரும்புச்சத்தும் குறையும். மாத்திரைதான் அதை ஈடுகட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ஊராரின் ரத்தத்தைப் பரிசோதிக்கிறேன். வீட்டில் இதை விளக்க என்னைவிட்டால் ஆளில்லை. சோற்றைக் குறை, மீனையும் கீரையையும் பயறையும் குறைக்காதே, மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கு, கூடவே சாயா குடிக்காதே, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்றேன். தலையாட்டினாள்.

ஆனால் தன் உடம்புக்காகச் சோற்றை ஒதுக்குவது அம்மாவுக்கு விளங்காத காரியம். எங்கள் சபைப் பெண்கள் கர்த்தருக்காகத்தான் சாப்பாட்டை விடுவார்கள். நான் வேலைக்குப் போனதும் அவள் பத்தியத்தை உபவாசமாக்கிக்கொண்டாள். பகலெல்லாம் பச்சைத் தண்ணீரும் இல்லை. சாயங்காலம் ஜெபித்து முடித்து, சபையில் உபவாசம் முடிக்கிற வழக்கப்படியே பால் விடாத கட்டன் சாயா. மாத்திரையும் அதோடுதான். பிறகு கொஞ்சம் கஞ்சி.

முதலில் எடை குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. தீனி வராது என்று கண்டால் உடம்பு தன் அடுப்பைத் தணித்துக்கொள்ளும். ரத்தமும் குறைந்துவிட்டால் அந்தச் சிறு தீக்குக்கூடக் காற்று போதாது. கம்பளி அதனால்தான். உபவாசக் கதை அன்று நான் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

“மாத்திரையையாவது பகல்ல போடப்பிடாதா?”

“மாத்திரையும் வயித்துக்குள்ள போற சாதனம் ஆக்கும். உபவாசம் முறியாதா?”

“சாயா வேண்டாம்னு சொன்னேன்லா?”

“வெறும் வயித்துல நாரங்காத் தண்ணி குடிச்சா ஓக்காளம் வருது, மக்கா. சாயான்னா இறங்கும்.”

மறுநாள் நானே அவளுக்கு ரத்தம் எடுத்தேன். நரம்பு எளிதில் அகப்படவில்லை. முந்தைய பரிசோதனையைவிட ரத்தம் குறைந்திருந்தது. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத் தலைவி வீட்டுக்கு வந்தார்.

“வெள்ளிக்கிழம உனக்காட்டு நாங்க எல்லாரும் உபவாசம். நீயும் வரணும்.”

“அம்மா தின்னணும், மாமி. ரெத்தம் இல்ல.”

“அவ தின்னுட்டு வரட்டு, பிள்ளே. பட்டினிக்கு நாங்க உண்டுல்லா.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனபின் அம்மா என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்: “எனக்காட்டு அத்தன பேரும் பட்டினி கெடக்கும்போ நான் மட்டும் எப்பிடி மக்கா தின்னுகது?”



வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவளோடு போனேன். அவித்த சிறுபயறும் எலுமிச்சைத் தண்ணீரும் மாத்திரையும் என் பையில் இருந்தன. வழியில் இரண்டு முறை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆலயத்தில் முன்வரிசையில், புழுக்கத்திலும் சேலைத் தலைப்பை இறுகப் போர்த்தி முழங்காலிட்டாள். ஒருவர் மாற்றி ஒருவர் தமிழிலும் மலையாளத்திலும் அவள் ரத்தத்துக்காக ஜெபித்தார்கள். ஒவ்வொரு ஜெபத்துக்கும் அம்மாவின் ஆமென்தான் உரத்துக் கேட்டது.

பின்கட்டில் யாரோ கட்டன் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தார்கள்.