கண்டல்தீவுத் தபால்

இது பிறர் சொல்லிக் கேட்டதில்லை. நம்பச்சொல்லி ஒருவரையும் கேட்கவும் மாட்டேன். 1962 மார்கழி, ஒரு மழைநாள் பின்னேரம். அந்தச் சைக்கிளை மிதித்தவன் நான். அதனால் சொல்கிறேன்.

முல்லைத்தீவுக்கு வெளியே, கடலில், கண்டல்தீவு என்றொரு சின்னத் தீவு. முழுத் தீவும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சொந்தம். தென்னந்தோட்டம், ஒரு பங்களா, கொஞ்ச வேலையாட்கள். மாரியில் கடல் பொங்கினால் வள்ளம் இறங்காது. துரையின் ஹெலிகொப்டர் மட்டும் வந்துபோகும். கரையில் அது இறங்கும் வெளிக்கு நான் காவல். ஈரத் தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை காட்டுவேன். விமானி காற்றின் திசையைப் பார்த்து இறக்குவான். பிறகு தபால் பையைச் சைக்கிளில் கட்டித் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவேன்.

துரை தன் தீவுக்கென்று தானே தபால் முத்திரை அச்சடித்திருந்தார். தென்னைக்கு மேலே ஹெலிகொப்டர் பறக்கும் படம். அரசாங்க முத்திரைக்குப் பக்கத்தில் அதையும் உறைகளில் ஒட்டிச் சீமைக்கு அனுப்புவார். அங்கே முத்திரை சேர்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குவார்களாம். உறைகளுக்குள் கடிதம் இராது. ஒரு துண்டுக் கடதாசிகூட இராது.

"சிற்றம்பலம் அண்ணை, உங்களுக்கும் ஒண்டை ஒட்டிவிட்டா லண்டன் பாக்கலாம்," என்பான் வழியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த ஜெமீல்.

"முதுகில ஒட்டடாப்பா. நெத்தியில திருநீறு கிடக்கு."

என்னோடு வேலை செய்தவன் தவராசா. அவன் மனைவி இராசமலர் தீவுப் பங்களாவில் சமையல். நிறைமாதம். கடல் மறித்ததால் கரைக்கு வரமுடியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். முதற்பிள்ளையையும் அங்கேதான் பெற்றாள். மருத்துவிச்சி இல்லை. பறிகொடுத்தாள்.

அன்று காலை விமானி செய்தி கொண்டுவந்தான். நோவு தொடங்கிவிட்டது. பின்னேரம் ஏற்றிவரத் துரை சம்மதித்துவிட்டார். ஹெலிகொப்டரில் விமானிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரேயொரு இருக்கை.

தவராசா ஆசுபத்திரியில் சொல்லிவைத்தான். வண்டிலில் வைக்கோல் பரப்பி, மழைக்கு மேலே படங்கு கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ஐந்தேகாலுக்குச் சத்தம் கேட்டது.

மழைக்குள்ளால் இறங்கியது. கண்ணாடிக்குள், விமானிக்குப் பக்கத்தில், ஒருத்தி இருந்தாள். ஈரச் சேலை. குனிந்த தலை. நான் பார்த்தேன். தவராசாவும் பார்த்தான். ஓடினான்.

கதவு திறந்தது. இருக்கையில் தபால் பை.

"எங்கை மனிசி?"

விமானி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "புது முத்திரை. இண்டைத் தபாலில போகவேணுமாம். அவவை நாளைக்கு ஏத்துறன்."

"இப்ப இதிலைதானே இருந்தவள்."

"ஒருத்தரும் இருக்கேல்லை."

கதவைச் சாத்தினான். ஹெலிகொப்டர் எழும்பிப் போனது.

"நாளைக்குக் கொண்டு வருவினம், தவராசா," என்றேன்.

"உந்த உறையள் நாளைக்குப் போனாச் செத்துப்போகுமோ, அண்ணை?"

பையைக் கரியரில் கட்டினேன். எப்போதும்போல இலேசாக இருந்தது.

பாலம் தாண்டியதும் சைக்கிள் கனத்தது. இறங்கிப் பின்சில்லை அமத்திப் பார்த்தேன். காற்று இருந்தது. பை கட்டினபடியே இருந்தது. மறுபடி ஏறி மிதித்தேன்.

கரியர் கிறீச்சிட்டது... ஆள் ஏறி இருந்தால் கிறீச்சிடுமே, அப்படி.

பின்னால் மூச்சு. இழுத்து... அடக்கி... விட்டு. பிறகு பல்லைக் கடிக்கும் சத்தம்.

ஜெமீலின் கடை வந்தது. அவன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, பிள்ளைத்தாச்சியை இந்த மழைக்குள்ள இருத்திக்கொண்டு போறியள்?"

பகிடியில்லை. குரலில் கோபம்.

நான் நிற்கவில்லை.

இடுப்பை ஒரு கை பிடித்தது. சட்டைக்கு மேலாலும் குளிர்ந்தது.

சந்தி. இடப்பக்கம் தபால் கந்தோர். வலப்பக்கம் ஆசுபத்திரி.

"வலப்பக்கம், அண்ணை..."

திருப்பினேன்.

ஆசுபத்திரி வாசலில் பாரம் இறங்கியது.

ஈரமணலில் வெறுங்கால் சத்தம்... உள்ளே போனது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பை அன்றைய தபாலுக்குப் பிந்திவிட்டது. அதற்காகத் துரை என்னை வேலையால் நிறுத்தினார். அந்தச் செய்தியோடுதான் மற்றச் செய்தியும் வந்தது. இராசமலர் மத்தியானமே, பிள்ளை பெறாமலே இறந்துவிட்டாள். ஹெலிகொப்டர் கிளம்பியபோது பங்களாக் குசினியில் வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தாள். விமானிக்குத் தெரியும். சொன்னால் நாங்கள் பையைத் தொடமாட்டோமென்று துரைதான் மறைக்கச் சொன்னாராம்.

சைக்கிளில் நடந்ததைத் தவராசாவிடம் சொன்னேன். கடல் அடங்கியபின் அவன் தீவுக்குப் போனான். அவளை அடக்கம் செய்தவர்களைக் கண்டு பேசினான். எங்கள் ஆட்கள் தாயைப் பிள்ளையோடு புதைப்பதில்லை. பிள்ளையை வேறாக எடுத்துத்தான் புதைப்பார்கள். அதற்காக வயிற்றைத் திறந்திருக்கிறார்கள்.

பிள்ளை இருக்கவில்லை.

தீவால் வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் குந்தினான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பிறகு கேட்டான்.

"அண்ணை, ஆசுபத்திரி வாசலில நீங்கள் இறக்கினது ஒராளையோ, ரெண்டு பேரையோ?"