பாதிப் பங்கும் முழுச் சாப்பாடும்

ரக்பி ஆடப் போகிறேன் என்று என் தம்பி வந்து நின்றபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாப்பாடு போடுவாங்களாடா?"

போடுவார்கள். அதுவும் சும்மா இல்லை. ஆட்டத்தில் யார் உங்களை மண்ணில் போட்டுப் புரட்டினானோ, அவன் பக்கத்திலேயே உட்கார வைத்துப் போடுவார்கள். யார் திடலில் ஆட்டம் நடக்கிறதோ, அவர்கள்தான் வந்த அணிக்கும் விருந்து வைக்க வேண்டும். ரக்பியில் அது வழக்கம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த முரட்டு விளையாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்போது நான் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். தம்பி போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினான். அவன் கிளப்பில் முக்கால்வாசிப் பேர் துறைமுகத்து ஆட்கள்தான். லோரி, கிரேன், கிடங்கு என்று ஆளுக்கொரு வேலை. கிளப் தலைவர் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். ஆட்டுக்கறியை மட்டும் வேறு யாரையும் வாங்க விடமாட்டார். விடியற்காலையில் பாசார் சந்தைக்குப் போய்த் தானே எலும்பு பார்த்து வாங்கி வந்து என் அடுப்படியில் வைப்பார். சமையல் என் பொறுப்பு. பிரட்டல், ரசம், அப்பளம், ஆளுக்கொரு முட்டை. கூடாரத்தில் நான் கரண்டியோடு நின்றால் எதிரணிக்காரன் தட்டை நீட்டி "தம்பா, அக்கா!" என்பான். இன்னும் போடு என்று அர்த்தம். மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாருக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். ஐயோ, அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் சமைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கிளப் லீக்கில் மேல் டிவிஷனுக்கு ஏறிய அன்று எல்லாரும் மண் படிந்த சட்டையோடு நேராக என் கடைக்குத்தான் வந்தார்கள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கூடத் தூக்கிக் குதித்தார்கள். தம்பிதான் கேப்டன். கோப்பையைக் கொண்டுவந்து என் கல்லாப் பெட்டி மேல் வைத்தான். ஒரு முழங்காலில் எப்போதும் கட்டுப் போட்டிருப்பான். அன்று அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"அக்கா, இந்தக் காலு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ரெண்டு வருஷத்தையும் மேலேயே ஆடி முடிச்சிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அவனுக்குக் கல்யாணத்தில் கூட அவ்வளவு ஆசை இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். லீக்குக்கு வரும் விளம்பரக் காசையும் டிவிக் காசையும் கிளப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்களாம். புதிதாக ஏறிய கிளப்புக்கு மட்டும் முதல் இரண்டு வருஷம் பாதிப் பங்கு.

"ஏன்டா?"

"நெலச்சி நிக்கிறோமான்னு பாக்கணுமாம்."

"பாதிக் காசைக் கொடுத்துட்டு நெலச்சி நில்லுன்னா எப்படிடா நிக்கிறது? ஆம்புலன்ஸ் வைக்கணும்ல? அதுவும் பாதிதான் வருமா? முன்சக்கரம் மட்டும் வந்து நிக்குமா?"

"ஆம்புலன்ஸு, டாக்டரு, வேலி, லைட்டு எல்லாம் முழுசா வைக்கணும். காசுதான் பாதி."

அடப் பாவிகளா என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடையில் சாப்பிட்டவர்கள் தங்களைத்தான் திட்டுகிறேனோ என்று பயந்துபோனார்கள்.

அந்தப் பங்கு எதற்கு என்றால், ஆட்களுக்கு. பழைய கிளப்புகளில் மாதச் சம்பளம். எங்கள் பையன்கள் சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதைக் கிளப்தான் ஈடுகட்ட வேண்டும். பாதிப் பங்கில் களத்தில் இறங்கும் பதினைந்து பேருக்குத்தான் கட்டுபடியானது. மாற்று ஆட்கள் எட்டுப் பேர் பெஞ்சில் இருக்க வேண்டும். எங்கள் பெஞ்சில் இரண்டு பேர், மூன்று பேர் இருப்பார்கள். மற்றவர்கள் துறைமுகத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசி இருபது நிமிஷம் வந்தால் எதிரணி புது ஆட்களை மாடு மாதிரி இறக்கிவிடும். எங்கள் பிள்ளைகள் அதே ஆட்கள், அதே கால்கள், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். முன்னணியில் இருந்து தோற்பதைப் பார்ப்பது போலக் கொடுமை வேறு இல்லை.

அந்த வருஷத்து ஆட்டங்களில் பாதி முடிந்ததும் தலைவர் கோலாலம்பூருக்குப் போய் லீக் கமிட்டியிடம் முறையிடலாம் என்றார். பழைய கிளப்புகளின் ஆட்கள்தான் கமிட்டி. "நீயும் வாம்மா. நான் பேசுனா கணக்குப் பேசுவேன். நீ பேசுனா அவங்களுக்கு ஒறைக்கும்," என்றார். என் வேனிலேயே தம்பியையும் சேர்த்து மூன்று பேரும் போனோம்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒருத்தர் எழுந்து, "ஹே, மட்டன் அக்கா!" என்றார். அந்த அறையே சிரித்தது. எல்லாரும் எங்கள் கூடாரத்தில் தின்றவர்கள்தான். தலைவர் பாவம், எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, தலைநகரத்துப் பெரிய கிளப்பின் ஆள் தமிழிலேயே சொன்னார்:

"என்னா தலைவரே, லீக்குலயே உங்க எடத்துலதான் பெஸ்ட் சாப்பாடு. மத்தவன்லாம் வெறும் மீ கோரேங் நூடுல்ஸ்தான் போடுறான். காசு இல்லாத கிளப்பு மட்டனா போடும்? சும்மா லா."

அவ்வளவுதான். எல்லாரும் வயிற்றைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குறையில்லாமல் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை வாங்கவில்லை, வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸைக் குறைத்தோம், கறியை மட்டும் குறைக்கவில்லை. அந்தக் கறியைக் காட்டியே உங்களுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். தலைவர், "இனிமே டீயும் பிஸ்கட்டும்தான்," என்றார்.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடிபட்டு, ரத்தம் ஒழுக வர்றவனுக்கு பிஸ்கட்டா? அதுக்கு நான் ஆட்டத்தையே விட்டுர்றேன்."

"சரி," என்றேன் நான். "பிஸ்கட்டும் வேணாம், விருந்தும் வேணாம். பாதிக் காசுக்குப் பாதிச் சாப்பாடு. அரை முட்டை, ஒரு துண்டு கறி. எவனாவது ஏன்னு கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

இருவரும் சரி என்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அடுத்த ஆட்டம் எங்கள் திடலில், அதே தலைநகரத்துக் கிளப்போடு. எப்போதும் வாங்குவதில் பாதிக் கறிதான் வாங்கினோம். கடைசி வரைக்கும் நாங்கள்தான் முன்னால். பிறகு வழக்கம்போல அவர்களுடைய புது ஆட்கள் இறங்கினார்கள். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கும் ஒரே ஒரு ட்ரையில் தோற்றோம். தம்பி புல்லில் மண்டியிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் இருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. வரட்டும், அரை முட்டை இவர்களுக்கு அதிகம் என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

முதலில் வந்தவன் அவர்கள் அணியில் ஆடிய சாலாக் செலாத்தான் வட்டாரத்துப் பையன். காதில் பிளாஸ்டர், மூக்கு வரைக்கும் மண். தட்டை நீட்டி, "அக்கா, பஸ்ஸுல வரும்போதே உங்க கறியைப் பத்தித்தான் பேசிட்டு வந்தோம்," என்றான்.

பாழாய்ப்போன கை. அள்ளிப் போட்டுவிட்டது. முழு முட்டையும் வைத்துவிட்டது. ஒருத்தனுக்கு முழுசாகப் போட்ட பிறகு அடுத்தவனுக்கு எப்படி அரை வைப்பது? எல்லாருக்கும் போட்டேன். எங்கள் பிள்ளைகள் வரிசைக்கு வந்தபோது சட்டியில் கறி இல்லை. சோறு, ரசம், அரை முட்டை.

எதிரணிக் கேப்டன் என் தம்பிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் எடுத்துவைக்கப் போனவர் தம்பியின் தட்டைப் பார்த்தார். அவரும் தமிழர்தான். "பாஸ், உங்க கறி எங்கே?" என்றார்.

"நான் மட்டன் சாப்புடுறதில்ல, பாஸ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்லாதடா! ஆட்டுத் தலையையே தின்னவன் நீ," என்று கூடாரமே கேட்கக் கத்தினேன். "லீக்குக் காசு உங்களுக்குக் கொடுக்கிறதுல பாதிதான் எங்களுக்கு. அதான் பாதிச் சமையல். உங்க தட்டுல குறைக்க எனக்குக் கை வரலை. எங்க பிள்ளைங்க தட்டுலதான் குறைக்க முடிஞ்சுச்சு. சாப்புடுங்க, நல்லா சாப்புடுங்க!"

அன்று அந்த அணியில் ஒருவன் கூடத் தம்பா கேட்கவில்லை. பஸ் ஏறும்போது அந்தக் கேப்டன் தம்பியிடம் வந்தார். "இன்னிக்கு உங்க பெஞ்சுல எத்தனை பேரு?"

"மூணு."

"மத்தவங்க?"

"ஷிப்டு."

தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார். தம்பி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம்.

அந்த வருஷக் கடைசியில் நாங்கள் கீழ் டிவிஷனுக்கே இறங்கிவிட்டோம். தம்பி கேட்ட இரண்டு வருஷத்தில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொரு தடவை ஏறும்வரை அவன் கால் காத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் லீக்கில் விதியை மாற்றினார்கள்: புதிதாக ஏறினாலும் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் சமப் பங்கு. கமிட்டியில் அதை எழுப்பியவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்தக் கேப்டன்தான். நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சேதி வந்த அன்று நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம் தம்பி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு ஓர் ஆட்டம் பார்க்கப் போனான். இப்போது அவனுக்குத் தொப்பை போட்டுவிட்டது, படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவான். இந்த வருஷம் புதிதாக ஏறிய ஒரு சின்ன கிளப் ஆடியது. எல்லாம் வத்தலும் தொத்தலுமான பையன்கள். எங்கள் பிள்ளைகள் ஓடுவது போலவே ஓடினார்கள். கடைசி இருபது நிமிஷம் வந்தது. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தம்பி பந்தைப் பார்க்கவே இல்லை, கோட்டுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்னடா?"

"பெஞ்சைப் பாரு, அக்கா. எட்டுப் பேரும் இருக்காங்க."

அவன் கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அவனையே திட்டினேன்.

"காசு கொடுத்து வந்திருக்கோம். ஆட்டத்தைப் பாருடா."

அவன் பெஞ்சையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.