ஸ்பேனர் கிடைக்கும்வரை வேன் நகராது

என் சமையலறைச் சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் கறுப்புப் பெயின்டால் உருவம் வரைந்து வைத்திருக்கிறார் என் கணவர். அகப்பைக்கு ஒன்று, கரண்டிக்கு ஒன்று, மீன் வெட்டும் கத்திக்கு ஒன்று. எடுத்ததை அந்தக் கோட்டுக்குள்ளேயே திரும்ப மாட்ட வேண்டும். வெலிமடைக்குக் குடிவந்த புதிதில் இந்தக் கூத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

யுத்த காலத்தில் இவர் விமானப்படையில் ஹெலிகொப்டர் பழுது பார்த்தவர். "நீங்க ஓட்டினீங்களா?" என்று கேட்பவர்களிடம், "ஓட்டினவங்க மேல போனாங்க, நான் கீழ கிரீஸ் அப்பிக்கிட்டு நின்னேன்" என்பார். அங்கே ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் எல்லா ஸ்பேனரும் பலகையில் அதனதன் கோட்டுக்குள் தொங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை ஹெலிகொப்டர் கிளம்பாது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். பென்ஷன் வாங்கியும் மனுஷன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

போன மாதம் எங்கள் மகளுக்குப் பதுளையில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வயதெல்லை நெருங்கிவிட்டதால் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. முதல் நாளே இவர் பிரேக்கைச் சரிபார்த்து, வேனைக் கழுவி வைத்திருந்தார். காலையில் மகள் புது அபாயா போட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியை எடுக்கப் போனவர், தன் ஸ்பேனர்களை மாட்டி வைக்கும் பலகையின் முன் நின்றுவிட்டார். ஒரு கோடு காலியாக இருந்தது.

அவ்வளவுதான். பொனட்டைத் திறந்தார். வேனுக்கு அடியில் படுத்தார். "வந்து தேடலாம், நேரமாகுது" என்றேன்.

"உள்ளுக்கு எங்கயாவது சிக்கியிருந்தா? வளைவுல ஸ்டீரிங் திரும்பாம போனா?" என்றார்.

ரோட்டில் பதுளை பஸ் போகும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவும் விடியும் முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது வேனுங்க, ஹெலிகொப்டர் இல்ல" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது எப்போதோ போய்விட்டது. பிடிக்காத பேச்சென்றால் மீதிக் காதும் அடைத்துக்கொள்ளும்.

மகள் மெல்ல இறங்கிப் போய், பழைய சாமான் பெட்டியிலிருந்து வேறொரு ஸ்பேனரை எடுத்துவந்து நீட்டினாள். "கெடச்சிருச்சு வாப்பா. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு."

அவர் அதை வாங்கிப் பலகையில் வைத்துப் பார்த்தார். கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"இதத்தான் மகள், படையில ஒரு நாள் நானும் செஞ்சேன்" என்றார். "பைலட் அவசரப்படுத்தினாரு. வேற ஒண்ண மாட்டிட்டு, கெடச்சிருச்சுன்னு சொன்னேன். அந்த ஹெலி திரும்பி வரல்ல. சுட்டு விழுத்திட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தெரியல்ல."

இத்தனை வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாதது. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இவர் மறுபடியும் வேனுக்கு அடியில் படுத்தார். மகள் ரோட்டுக்கு நடந்தாள். அடுத்த பஸ், லீக்ஸ் மூட்டைகளை ஏற்றுவதற்கெல்லாம் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது, எல்லாம் முடிந்து கதவைப் பூட்டிவிட்டார்களாம்.

மொனராகலைக்கு ஹயர் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர், அந்தியில் ஸ்பேனரோடு வந்தார். முதல் நாள் மாலை ஆட்டோவுக்கு வேண்டுமென்று கேட்டிருக்கிறார். இவரே எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார்.

இவர் அதை வாங்கித் துடைத்து, கோட்டுக்குள் மாட்டினார். பிறகு உள்ளே வந்து, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த மகளிடம், "இப்ப வேன் போகலாம் மகள்" என்றார்.

"எங்க வாப்பா?" என்று கேட்டாள்.

சாவி கையிலேயே இருந்தது. பதிலுக்காக அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.