நான் திருத்தி வைத்த பக்கம்

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். என் பிழையை அவள் தலையில் கட்டினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

என் தொழிலைக் கேட்டால் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் செய்யும் கருவிகளுக்கு வழிகாட்டிப் பக்கங்கள் எழுதுகிறேன். இதை இப்படி அழுத்து, அதை அப்படித் தட்டு... அவ்வளவுதான். ஆனால் எனக்கிருந்த கர்வத்தைப் பார்த்தால் காவியம் எழுதுகிறவன் என்று நினைப்பீர்கள்!

அப்படி நான் எழுதிய பக்கங்களில் ஒன்று, டாஷ்போர்டுகளை அழிக்கும் ஒரு கருவிக்கானது. தரவுகளை வரைபடமாகக் காட்டும் திரைகள்தாம் டாஷ்போர்டுகள். பாவனையில் இல்லாத ஒன்றின் எண்ணைக் கொடுத்தால் கருவி அதை அழித்துவிடும். எண்ணுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி இட்டால் எல்லாவற்றையும் அழிக்கும். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. போனது போனதுதான்.

உண்மையான தரவு இல்லாத ஒரு பயிற்சித் தளத்தில் நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. அதே வரியை மாதிரி என்று பக்கத்தில் ஒட்டிவிட்டேன். வழிகாட்டியை யாரும் முழுதாக வாசிப்பதில்லை, மாதிரியை எடுத்து ஒட்டிவிட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே அப்படித்தான்!

கருவியைச் செய்த செந்தூரன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், உதிலை ஒரு சிவப்புப் பெட்டி போடு. திரும்ப எடுக்கேலாது எண்டு எழுது. உந்த நட்சத்திரத்தையும் தூக்கு.”

“போடுறன், போடுறன்,” என்றேன்.

போடவில்லை. ஏன் தெரியுமா? சிவப்புப் பெட்டி என் பக்கத்தின் அழகைக் கெடுத்தது. ஆம், அழகு! மாதிரியை மாற்றினால் மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்கும் சோம்பல். செந்தூரன் அடுத்த மாதமே கனடா போய்விட்டான். நினைவுபடுத்த ஆளில்லை.

கலைமதி சாவகச்சேரியில், எங்கள் கருவியைப் பாவிக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் இருந்தாள். தென்மராட்சிப் பகுதிக் கிணறுகளின் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, எந்தக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று காட்டும் டாஷ்போர்டுகளை மூன்று வருடமாக ஒவ்வொன்றாகச் செய்து வைத்தவள். ஒருநாள் காலை, பக்கத்தின் அடியில் இருந்த என் எண்ணுக்கு அழைத்தாள். பழைய ஒன்றை அழிக்கப் போய்...

“அண்ணை, நீங்கள் எழுதினதைத்தான் அப்பிடியே எடுத்துப் போட்டனான். எல்லாம் போயிட்டுது அண்ணை... ஒண்டும் இல்லை!”

“பதறாதை தங்கச்சி. பாப்பம்,” என்றேன்.

எதைப் பார்த்தேன்? நான் தப்பும் வழியைப் பார்த்தேன். தொலைபேசியை வைத்த கையோடு பக்கத்தைத் திறந்தேன். நட்சத்திரத்தை எடுத்தேன். சிவப்புப் பெட்டியைப் போட்டேன். ‘கவனம்: அழித்ததை மீட்க முடியாது.’ பக்கத்தின் பழைய பிரதிகளைப் பார்க்கும் வசதி இருந்தது. அந்தப் பிரதிகளையும் இல்லாமல் செய்தேன். எல்லாம் முடிய, பால் விடாமல் ஒரு பிளேன்ரீ போட்டுக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய பொறுப்பாளர் அவளையும் அழைத்துக்கொண்டு எங்கள் நிறுவனக் கந்தோருக்கு வந்தார். எங்கள் முகாமையாளர் என் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

“உதிலை சிவப்பாலை எழுதிக் கிடக்கு. பாக்கேல்லையோ பிள்ளை?” என்றார் பொறுப்பாளர்.

கலைமதி சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “உது அண்டைக்கு இருக்கேல்லை...” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். தன் கண்களையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டாள்! அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

“முதலிலையிருந்தே உது இருக்கு,” என்றேன்.

அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். டாஷ்போர்டுகளை மீண்டும் செய்ய ஆளில்லை. எந்தக் கிணறு எப்படி என்று தாய்மார் இப்போது யாரைக் கேட்கிறார்களோ, தெரியாது.

உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். எனக்கு என் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவற்றால்தான் சோறும் குழைத்துச் சாப்பிடுகிறேன்... வெட்கமில்லாமல், மூன்று வேளையும்!

சென்ற மாதம் சாவகச்சேரிச் சந்தைக்கு அருகே ஒரு புடவைக் கடையில் அவளைக் கண்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நழுவப் பார்த்தேன், அவள் விடவில்லை. இப்போது கணினிப் பக்கமே போவதில்லையாம்.

“அண்ணை, கன நாளாய்ச் சொல்ல நினைச்சனான். என்னாலை உங்களுக்கும் கெட்ட பேர் வரப் பாத்தது. நான் வடிவா வாசிச்சிருக்கோணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவள் மடித்து வைத்த சேலை ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

“பரவாயில்லை தங்கச்சி,” என்றேன்.

மன்னித்துவிட்டேன்... நான், அவளை!