தண்டாயுதபாணியின் மூன்று ஏழுகள்

ஜலகண்டாபுரத்தில் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருக்கும் தண்டாயுதபாணிக்கு ஏழு என்றால் உயிர். செல்போன் எண் மூன்று ஏழில் முடியும். ஸ்கூட்டரும் அப்படித்தான், அந்த நம்பர் வரும்வரை நாலு மாதம் பஸ்ஸில் போய்வந்தார். தறியில் ஓடும் பெட்ஷீட்டுக்கு வெப்சைட் ஆரம்பித்தபோது, எண்கணிதம் பார்க்கும் அறிவழகன் சொன்னபடி தன் பெயருக்குப் பின்னால் 777 சேர்த்து, நல்ல நாள் பார்த்தே பதிவு செய்தார். சைட்டை உருவாக்கிக் கொடுத்த ஆள் தன் பங்குக்கு முகப்பில் ஒரு சக்கரத்தைச் சும்மா வைத்துக் கொடுத்தான். சுற்றினால் தள்ளுபடி விழும். தினமும் காலையில் அதை முதலில் சுற்றுகிறவர் முதலாளிதான். பல நாள் கடைசியில் சுற்றுகிறவரும் அவரே.

ஜூலை நடுவில் பெங்களூரிலிருந்து சித்தார்த் என்பவர் கூப்பிட்டார். ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். கண்காட்சி ஒன்றில் தண்டாயுதபாணியின் துணியைத் தடவிப் பார்த்திருக்கிறார். தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுக்க நாலாயிரம் ஜோடி பெட்ஷீட் வேண்டுமாம். தண்டாயுதபாணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக ஆறு தறி தூசி படிந்து கிடக்கிறது. இது வந்தால் பன்னிரண்டும் ஓடும்.

"ஒரே ஒரு பிரச்சினை சார். உங்க வெப்சைட் என் போன்ல திறக்குது, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறக்கல. மேல இருக்கறவங்க அங்க பார்த்துத்தான் ஓகே பண்ணுவாங்க. முப்பத்தொண்ணாம் தேதி லிஸ்ட்டை மூடிடுவோம்."

"நம்ம ஊட்டுல நல்லாத் தொறக்குதுங்களே."

தன் போனில் பார்த்தார். மனைவி கலைமணியின் போனில் பார்த்தார். டீக்கடையில் நாலு பேர் போனை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சக்கரம் ஜோராகச் சுற்றியது. கோளாறு பெங்களூரில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு மோடத்தைத் துடைத்து, சூடம் காட்டினார்.

பெங்களூர் அசையவில்லை. கடைசியில் சேலத்துக்குப் போய், அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தும் ஷிரீனைப் பார்த்தார். அவள் அரை மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க சைட்ல கோளாறு இல்லண்ணே. பெரிய ஆபீஸ்ல ஃபயர்வால்னு ஒரு காவல் இருக்கும். எந்த சைட் என்ன ரகம்னு அதுகிட்ட ஒரு பட்டியல் உண்டு. அதுல நீங்க சூதாட்டத்துல இருக்கீங்க."

தண்டாயுதபாணிக்குக் காது சுட்டது. கல்யாண வீட்டில்கூடச் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர் அவர்.

"நானுங்களா அம்மிணி?"

"பேர்ல மூணு ஏழு, உள்ள வந்தா சக்கரம். சூதாட்ட சைட்டுங்க இப்படித்தான் இருக்கும். மெஷின் ஆளைப் பார்க்குமா? பேரைப் பார்த்துச்சு, முடிவு பண்ணிடுச்சு."

ஷிரீன் சக்கரத்தைக் கழற்றினாள். பட்டியல் போடுகிற கம்பெனிக்கு, இது பெட்ஷீட் வியாபாரம், மறுபடி பாருங்கள் என்று எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பார்த்தார்களாம், மாற்றம் ஏதும் இல்லையாம்.

"பேர்ல இருக்கற 777-ஐ எடுத்துடலாம்ணே. புதுப் பேர் வாங்கப் பத்து நிமிஷம் போதும். ஆனா அது பட்டியல்ல ஏற ஒரு வாரம் ஆகும். அதனால இன்னிக்கே பண்ணணும்."

அன்றைக்கு ஆடி பிறந்து நாலு நாள்.

"ஆடியிலயாங்க? ஆவணி மொத நாள் வெச்சுக்கலாமுங்க."

"கம்ப்யூட்டருக்கு ஆடி, ஆவணி தெரியாதுண்ணே."

"நமக்குத் தெரியுமுங்களே."

தண்டாயுதபாணி சித்தார்த்திடமே பேசி ஆவணிவரை தவணை கேட்டார். ஆவணி என்றால் எந்தத் தேதி என்று அவர் விசாரித்தார். ஆகஸ்ட் பதினேழு என்று சொன்னதும், லிஸ்ட் முப்பத்தொன்று என்று மறுபடியும் பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டார். வீட்டில் கலைமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சதுதானுங்க சூதாட்டத்துல போயி நிக்குது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஆவணி முதல் நாள், நல்ல நேரத்தில், ஏழில்லாத புதுப் பெயர் பதிவானது. எட்டாம் நாள் சித்தார்த் தாமாகவே கூப்பிட்டார்.

"இப்ப அருமையா திறக்குது சார். துணியெல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா ஆர்டரைப் போன மாசமே கொடுத்துட்டோம். உங்க ஊர்க்காரர் ஒருத்தருக்குத்தான் சார். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அந்த ஊர்க்காரர் மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். பக்கத்துத் தெரு சின்னுசாமி. எட்டுத் தறிக்காரர். அவருடைய வெப்சைட் ஒரே பக்கம்: ஒரு பெட்ஷீட் படம், ஒரு போன் நம்பர்.

"நாலாயிரம் ஜோடி நம்ம எட்டுத் தறியில ஆவாதுங்க. பாதிய நீங்க கூலிக்கு ஓட்டிக் குடுக்கோணும். லேபிள் மட்டும் என் பேர்ல இருக்கோணுமுங்க."

தண்டாயுதபாணிக்கு விஷயம் புரிந்தது. தன் துணி அந்த ஆபீஸுக்குள் போகப் போகிறது, தன் பெயர்தான் போகாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே ஓடாமல் நின்ற ஆறு தறியும் கண்ணில் பட்டன.

"எப்பத் தறியில பாவு நூல் ஏத்தோணும்?"

"நாளைக்கே ஏத்துனாத்தான் தீவாளிக்குள்ள முடியுமுங்க."

நாளைக்கு அஷ்டமி. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"விடியால ஏத்திடறேனுங்க" என்றார் தண்டாயுதபாணி.